பெயரோடு தேதியும் வேண்டும்: ஹெவிவெயிட் வீரர்களை வெவ்வேறு வயதில் மோதவிட்டுப் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் வெவ்வேறு காலத்து சாம்பியன்களான முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்ற கேள்வி, குத்துச்சண்டையை விரும்பும் இருவர் சந்தித்தால் தவறாமல் வந்துவிடுகிறது. பெரும்பாலும் இரண்டே நிமிடத்தில் பேச்சு சூடாகி, ஒருவர் குரலை மற்றவர் குரல் அமுக்குவதில் முடிந்துபோகிறது. இந்தச் சண்டைகளின் பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருபவன் என்ற முறையில், விவாதம் தடம் புரள்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது: நாம் பெயரைச் சொல்கிறோம், தேதியைச் சொல்வதில்லை.

‘அலியா, டைசனா’ என்று மட்டும் கேட்டால் ஏன் போதாது?

அலி 1960 முதல் 1981 வரை தொழில்முறை வீரராக இருந்தார். அந்த இருபத்தோரு ஆண்டுகளில் ரிங்கில் ஏறியவர் ஒரே ஆள்தானா என்று ஐயுறும் அளவுக்கு அவருடைய ஆட்டம் மாறியிருக்கிறது. 1964 பிப்ரவரியில் மயாமி பீச்சில் சன்னி லிஸ்டனை எதிர்கொண்டபோது அவருக்கு 22 வயது. ஆறு சுற்றுகள் முடிந்ததும் லிஸ்டன் தன் இருக்கையிலிருந்து எழவே மறுத்துவிட்டார். அன்றைய அலி ஓரிடத்தில் நிற்காதவர். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திய அலிக்கு 32 வயது. அவர் கயிற்றில் சாய்ந்து நின்று, கைகளாலும் விலாவாலும் குத்துகளை வாங்கிக்கொண்டு, எதிராளி களைத்துப்போகும் வரை காத்திருந்து, எட்டாவது சுற்றில் முடித்தார். 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிவாங்கியவருக்கு 38 வயது. இந்த மூவருக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் இவர்களில் ஒருவருக்கு எதிராகப் பலிக்கும் உத்தி மற்றவருக்கு எதிராகப் பலிக்காது.

டைசனுக்கும் இதே கதைதான். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் சாய்த்தவரையும் 2005இல் கெவின் மெக்பிரைடிடம் தோற்றவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வயதாகும்போது எந்தத் திறன் முதலில் போகிறது?

கால்கள் முதலில் போகின்றன. அவற்றோடு சேர்ந்து, கண்ணில் பட்டதும் உடல் அசையும் அந்த நொடிப்பொழுது போகிறது. அடியின் கனம் கடைசியில்தான் போகிறது. அடி தாங்கும் சக்தி இவை இரண்டுக்கும் நடுவில், ஆளுக்கு ஒரு விதமாகத் தேய்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்களுக்கு அலியின் ஒரு பழக்கத்தைச் சுட்டிக்காட்டுவேன். குத்து முகத்தை நோக்கி வரும்போது தலையைப் பக்கவாட்டில் நகர்த்தாமல், நேராகப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். எந்தப் பயிற்சியாளரும் இதைச் சொல்லித்தரமாட்டார். இது தவறு என்றே பயிற்சிக் கூடங்களில் சொல்லுவார்கள். ஏனென்றால் தலை பின்னால் போகும் பாதையும் குத்து வரும் பாதையும் ஒன்றே. இருபத்து நான்கு வயதில் அவருடைய கண்ணும் காலும் அந்தத் தவறைப் பிழைக்கவைத்தன: கையுறை மூக்கு நுனிக்கு ஓரிரு அங்குலம் முன்னால் வந்து நிற்கும், அதற்குள் அவர் கால்கள் அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். 1967 மார்ச்சுக்குப் பிறகு, ராணுவத்தில் சேர மறுத்ததற்காக மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ரிங்கில் இல்லை. 25 வயதில் போனவர் 28 வயதில் திரும்பினார். 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேஸியருக்கு எதிராக அதே பழக்கத்தோடு பின்வாங்கியபோது, பதினைந்தாவது சுற்றில் ஒரு இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) அவரைத் தரையில் சாய்த்தது. பழக்கம் மாறவில்லை. அதைக் காப்பாற்றிவந்த கால்கள் மாறியிருந்தன.

அப்படியானால் ஃபோர்மன் 45 வயதில் பட்டம் வென்றது எப்படி?

கடைசியில் போகும் திறனை நம்பியே ஆடியதால்தான். இந்தச் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வயது என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம்.

1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில், கின்ஷாசா தோல்விக்கு இருபது ஆண்டும் ஆறு நாளும் கழித்து, ஃபோர்மன் அன்று அணிந்திருந்த அதே சிவப்புக் கால்சட்டையுடன் ரிங்கில் ஏறினார். கின்ஷாசாவில் அலியின் மூலையில் பயிற்சியாளராக நின்ற ஆஞ்செலோ டண்டி இப்போது ஃபோர்மனின் மூலையில் நின்றார். எதிரில் நின்ற மைக்கேல் மூரருக்கு 26 வயது. இடதுகைக்காரர், தோல்வியே காணாதவர், ஃபோர்மனைவிடப் பல மடங்கு வேகமானவர். ஒன்பது சுற்றுகள் வரை மூரர் விரும்பியபோதெல்லாம் அடித்தார். மூன்று புள்ளி நடுவர்களின் ஏட்டிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். ஆனால் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஃபோர்மன் மூரரைத் துரத்தவே இல்லை. மெதுவாக அடியெடுத்து வைத்து, இடது கையை நீட்டி நீட்டித் தூரத்தை அளந்துகொண்டு, மூரர் தன் வலது கைக்கு நேராக வந்து நிற்கும் நொடிக்காகக் காத்திருந்தார். பத்தாவது சுற்றில் அந்த நொடி வந்தது. ஒரு ஜாப் (முன்னால் நீட்டிய கையால் விடும் நேரான, விரைவான குத்து), அதன் பின்னால் நீண்ட வீச்சே இல்லாத ஒரு குட்டையான வலது குத்து, நேராகத் தாடையில். மூரர் மல்லாந்து விழுந்தார், எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. ஃபோர்மன் தன் மூலைக்குப் போய் மண்டியிட்டு வணங்கினார்.

அன்று அவரிடம் வேகம் இல்லை, கால்கள் இல்லை, 24 வயதில் இருந்த ஆவேசமும் இல்லை. இருந்தவை அடியின் கனமும், அடி தாங்கும் உடலும், அவசரப்படாத மனமும். இந்த மூன்றும் போதுமான ஓர் எதிராளி அன்று அவருக்குக் கிடைத்தார்.

ஹெவிவெயிட் வீரரின் உச்ச வயது எது?

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. ஆட்டத்தின் வகைதான் அதை முடிவு செய்கிறது. டைசனின் உயரம் 5 அடி 10 அங்குலம். தன்னைவிட உயரமானவர்களின் ஜாப்புக்கு அடியில் குனிந்து நுழைந்து, இடுப்பை இருபுறமும் ஆட்டி, பாய்ந்து அடிப்பதே அவர் முறை. அது முழங்காலையும் இடுப்பையும் கசக்கிப் பிழியும் ஆட்டம் என்பதால் அவருடைய உச்சம் 20க்கும் 22க்கும் நடுவிலேயே வந்துபோய்விட்டது. லெனாக்ஸ் லூயிஸும் விளாடிமிர் கிளிட்ச்கோவும் உயரத்தையும் நீண்ட கைகளையும் நம்பியவர்கள். இருவரும் இமானுவேல் ஸ்டீவர்டிடம் பயின்று, முப்பது வயதுக்குப் பிறகுதான் முழுமை அடைந்தார்கள். 26 வயதில் கோரி சாண்டர்ஸிடம் இரண்டே சுற்றில் தோற்ற கிளிட்ச்கோ, 30 வயதில் பட்டத்தை மீட்டு 39 வயது வரை வைத்திருந்தார். ஜெர்சி ஜோ வால்காட் முதல் முறையாகப் பட்டம் வென்றதே 37 வயதில்தான்.

பிறந்த தேதியைத் தவிர இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஸ்பிங்க்ஸை வீழ்த்திய டைசனுக்கும் 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்த டைசனுக்கும் நடுவே இருபது மாதம்கூட இல்லை. உடலுக்கு வயதாகிவிடவில்லை. ஆனால் பயிற்சியாளர் கெவின் ரூனி விலக்கப்பட்டிருந்தார், தலையை அசைக்கும் பழக்கம் தளர்ந்திருந்தது, ஒரே குத்தில் முடித்துவிடும் ஆசை வந்திருந்தது. ஆகவே டைசனைப் பற்றிப் பேசும்போது ‘இளம் டைசன்’ என்று பொதுவாகச் சொல்வதுகூடப் போதாது. ரூனி மூலையில் இருந்த டைசனா, இல்லாத டைசனா என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சண்டைக்கு முன் பார்க்கும் எடை, வீரரின் உடல் நிலையைக் காட்டுமா?

சில நேரங்களில் காட்டும். சில நேரங்களில் நம்மை முழுமையாக ஏமாற்றும். கின்ஷாசாவில் அலியின் எடை ஏறக்குறைய 98 கிலோ. ஆறு ஆண்டுகள் கழித்து ஹோம்ஸை எதிர்கொண்டபோதும் ஏறக்குறைய அதே எடைதான். நரை மறைந்து, வயிறு ஒட்டி, பழைய அலியே திரும்பிவிட்டார் என்று அன்று பலர் நம்பினார்கள். ஆனால் அந்த மெலிவில் தைராய்டு மருந்துக்கும் பங்கு இருந்தது. அது உடலின் வலுவையும் நீரையும் சேர்த்தே உறிஞ்சிவிட்டது. சண்டை தொடங்கியதும் அது வெளிப்பட்டுவிட்டது. முதல் சுற்றிலிருந்தே அவரால் குத்த முடியவில்லை. பத்தாவது சுற்றின் முடிவில் டண்டி சண்டையை நிறுத்தினார். 61 சண்டைகளில் அலி குறித்த சுற்றுகள் முடியும் முன்பே நிறுத்தப்பட்டுத் தோற்றது அந்த ஒரு முறைதான். அந்தப் பதிவை என்னால் ஒரு முறைக்கு மேல் பார்க்க முடியவில்லை.

தலைமுறை விட்டுத் தலைமுறை நிஜமாகவே மோதிய சண்டைகளை ஆதாரமாகக் கொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் அவை எதற்கு ஆதாரம் என்பதில் கவனம் வேண்டும். 1951 அக்டோபரில் ராக்கி மார்சியானோ எட்டாவது சுற்றில் ஜோ லூயிஸை வீழ்த்தினார். இதை வைத்து ‘மார்சியானோ லூயிஸைவிடச் சிறந்தவர்’ என்று சொல்வோர் உண்டு. அன்று லூயிஸுக்கு 37 வயது, மார்சியானோவுக்கு 28. வரி பாக்கிக்காகத் திரும்பிவந்திருந்த லூயிஸின் ஜாப் மட்டுமே பழையபடி இருந்தது. அந்தச் சண்டை மார்சியானோவின் விடாமுயற்சியைக் காட்டுகிறது. 1938இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 வினாடிகளில் நொறுக்கிய லூயிஸைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

1988 ஜனவரியில் டைசன் நான்காவது சுற்றில் ஹோம்ஸை நிறுத்தியதும் அவ்வாறே. ஹோம்ஸுக்கு 38 வயது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ரிங்கில் இல்லாமல் இருந்தவர். ஆனால் அதே ஹோம்ஸ் நான்கு ஆண்டுகள் கழித்து, 42 வயதில், இளையவரான ரே மெர்சரைப் புள்ளிகளில் தோற்கடித்தார். அதாவது, 1988இல் அவரைக் கெடுத்தது வயது மட்டும் அல்ல, இடைவெளியும்தான். 1910இல் ரீனோவில் ஜாக் ஜான்சனிடம் தோற்ற ஜேம்ஸ் ஜெஃப்ரீஸின் கதையும் இதுவே: ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சண்டையே போடாதவரை, ஏறியிருந்த எடையை அவசரமாகக் குறைத்து, வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பலருடைய கண்ணில் படாத ஒன்றும் உண்டு. 2002 ஜூனில் மெம்ஃபிஸில் டைசனை எட்டாவது சுற்றில் வீழ்த்திய லெனாக்ஸ் லூயிஸ், டைசனைவிடப் பத்து மாதம் மூத்தவர். பிறந்த ஆண்டைப் பார்த்தால் மூத்தவர்தான் வென்றார். இருபது வயதிலேயே உச்சியைத் தொட்ட உடலும் முப்பதுக்குப் பிறகு தொட்ட உடலும் 36 வயதை ஒட்டி ஒன்றாக இருக்கவில்லை.

எந்தக் காலத்து விதிப்படி மோதவிட வேண்டும்?

இதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். 1982இல் கொரிய வீரர் கிம் டுக் கூ சண்டையில் ஏற்பட்ட காயத்தால் இறந்த பிறகு, பட்டச் சண்டைகள் படிப்படியாகப் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தன. அந்த மூன்று சுற்றுகளின் மதிப்பு என்ன என்பதற்கு 1952 செப்டம்பரில் பிலடெல்ஃபியாவில் நடந்த சண்டையைப் பார்த்தால் போதும். பன்னிரண்டு சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் 38 வயது வால்காட்தான் முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாவது சுற்றில் மார்சியானோவின் ஒரே வலது குத்து அவரைச் சாய்த்தது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் மார்சியானோ அந்த இரவில் பட்டம் வென்றிருக்கவே மாட்டார். ஒரு தோல்வியும் இல்லாத அவருடைய 49 வெற்றிகள் என்ற கணக்கும் உடைந்திருக்கும்.

வீழ்ந்தவரை விட்டு விலகி நடுநிலை மூலைக்குப் போக வேண்டும் என்ற விதியும் முக்கியமானது. 1919இல் ஜாக் டெம்ப்ஸி, ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். ஒவ்வொரு முறையும் அவர் எழும் இடத்துக்கு அருகிலேயே காத்து நின்று மீண்டும் அடித்தார். இன்றைய நடுவர் அதை அனுமதிக்கமாட்டார். முதுமை தட்டிய வீரருக்கு அந்தச் சில வினாடி ஓய்வு உயிர்மூச்சு போன்றது.

அன்றைய ஹெவிவெயிட் இன்றைய ஹெவிவெயிட்டோடு மோத முடியுமா?

மார்சியானோவின் எடை சுமார் 84 கிலோ. இன்றைய வரையறைப்படி அவர் ஹெவிவெயிட்டுக்குக் கீழான குரூஸர்வெயிட் பிரிவு வீரர். அண்மைக் காலத்து வீரரான டைசன் ஃபியூரி 119 கிலோ அளவில் நின்றவர். இந்த இடைவெளியைத் துணிச்சல் மட்டும் நிரப்பிவிடாது. ஆனால் 2024 மே மாதம் ரியாத்தில், சுமார் 101 கிலோ எடையுள்ள ஒலெக்சாந்தர் உசிக், 37 வயதில் அதே ஃபியூரியைப் புள்ளிகளில் வென்றார் என்பதையும் மறக்கக்கூடாது. 1966இன் அலி ஏறக்குறைய 96 கிலோ. உயரம் உசிக்கைப் போலவே 6 அடி 3 அங்குலம். ஆகவே அந்த அலி இன்றைய பெரிய உடல்களுக்கு எதிராக எடுபடமாட்டார் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

பழைய பதிவுகளைப் பார்த்து ஒருவரின் உச்சத்தை மதிப்பிடலாமா?

எதிரில் யார் நின்றார் என்பதையும் பார்த்தால் மதிப்பிடலாம். அலியின் மிகச் சிறந்த இரவு என்று எல்லோரும் காட்டுவது 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றில் முடித்ததை. அது உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் வில்லியம்ஸ் 1964இல் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அலியின் கால்வேகத்துக்கு அந்தப் பதிவு சான்று. அவருடைய அடியின் வலுவுக்குச் சான்றாக அதைக் காட்டக்கூடாது.

கணினி இதற்கெல்லாம் விடை சொல்லாதா?

முயன்று பார்த்திருக்கிறார்கள். 1969இல் அலியையும் 45 வயது மார்சியானோவையும் ஓர் அரங்கத்துக்குள் கூட்டிவந்து, பல முடிவுகளோடு படமெடுத்து, கணினியின் தீர்ப்பு என்று 1970 ஜனவரியில் காட்டினார்கள். மார்சியானோ அதற்காக எடையைக் குறைத்து, தலையில் செயற்கை முடி வைத்துக்கொண்டார். படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்காவில் காட்டியதில் மார்சியானோ பதின்மூன்றாவது சுற்றில் வென்றார். ஐரோப்பாவில் அலி வெல்லும் முடிவும் காட்டப்பட்டது. பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறும் தீர்ப்பைத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

சரி, 1967இன் அலியும் 1988இன் டைசனும் மோதினால்?

அலி வெல்வார் என்பது என் முடிவு. ஆனால் முதல் நான்கு சுற்றுகள் அவருக்குப் பெரும் சோதனையாக இருக்கும். இடது ஹூக் அலியின் பலவீனம். 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பர் அவரை ஒரு முறை தரையில் சாய்த்ததும் அதே குத்தால்தான். டைசனின் இடது ஹூக் கூப்பருடையதைவிட வேகமானது, அதற்கு முன்னால் வலது கை உடம்பைத் தாக்கி வழியும் செய்துவைக்கும். ஆனாலும் அந்த அலி நேர்கோட்டில் பின்வாங்குபவர் அல்லர்; வட்டமிட்டுக்கொண்டே போவார். டைசன் பாய்ந்து வரும்போதெல்லாம் அவர் பிடரியை வளைத்துப் பிடித்து, தலையைக் கீழே அழுத்தி, தன் எடையை அவர் மேல் சாய்த்துவிடுவார். கட்டிப்பிடித்த நிலையில் டைசன் அடிப்பதை நிறுத்திவிட்டு நடுவருக்காகக் காத்திருப்பதைப் பல பதிவுகளில் காணலாம். ஆறாவது சுற்றுக்குப் பிறகு டைசன் ஒவ்வொரு குத்தாக வீசத் தொடங்குவார். டக்ளஸ் செய்ததை அலி இன்னும் சுத்தமாகச் செய்வார்.

அலியின் தேதியை 1971 மார்ச் என்று மாற்றிக் கேட்டால், நான் தயங்காமல் டைசன் என்பேன். ஃப்ரேஸியரின் ஹூக்கைத் தவிர்க்க முடியாத கால்கள் டைசனுடையதைத் தவிர்த்திருக்காது.

ஜோ லூயிஸும் மார்சியானோவும், இருவரும் உச்சத்தில் இருக்கும்போது?

1938இன் லூயிஸ், 1952இன் மார்சியானோ, பதினைந்து சுற்று என்று வைத்துக்கொண்டால் லூயிஸ், எட்டாவது சுற்றுக்குள். 1952 சண்டையில் வால்காட் முதல் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் சாய்த்தார், அவர் எழுந்துவிட்டார். லூயிஸ் ஒரு முறை வீழ்த்தியவரை இரண்டாம் முறை எழவிடுவது அரிது.

ஒரே வீரரின் இரண்டு வயதுகளை மோதவிடலாமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 1973இல் கிங்ஸ்டனில் ஃப்ரேஸியரை இரண்டு சுற்றில் ஆறு முறை வீழ்த்திய 24 வயது ஃபோர்மனும், மூரரை வீழ்த்திய 45 வயது ஃபோர்மனும் மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இளையவர் அகலமாகக் கை வீசுவார், மூச்சைப் பற்றிக் கவலைப்படமாட்டார். ஐந்தாவது சுற்றைத் தாண்டி ஆட வேண்டிய தேவை கின்ஷாசாவுக்கு முன் அவருக்கு அரிதாகவே வந்தது. மூத்தவர் 113 கிலோ எடையோடு, முன்கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு வாங்குவார். 42 வயதில் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் பன்னிரண்டு சுற்று வாங்கியும் தரையில் விழாதவர் அவர். சுற்றுகளுக்கு நடுவே இருக்கையில் உட்காரவும் மாட்டார், மூலையில் நின்றபடியே இருப்பார். முதல் மூன்று சுற்றுக்குள் முடிந்தால் வெற்றி இளையவருக்கு. பெரும்பாலும் அப்படித்தான் முடியும், ஏனென்றால் விலகிப்போகும் கால்கள் மூத்தவரிடம் இல்லை. ஆனால் ஆறாவது சுற்றுக்கு மணி அடித்துவிட்டால், இளையவர் இருக்கையிலிருந்து மூச்சுவாங்க எழுந்து வரும்போது எதிர் மூலையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.